தாஸ்புலாக்கின் சிவப்புப் புள்ளி

எங்கள் ஆய்வகத்தில் ரௌஷான் அபாய் (மூத்த பெண்களை நாங்கள் அபாய் என்போம்) செய்கிற வேலையை வெளியாளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம். "கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிற அம்மாதானே" என்று காவலாளியே கேட்பார். டைப் அடிக்கிறவர்தான். ஆனால் உலகத்தில் எந்த நஞ்சு எந்த மரபணுவில் எந்த எழுத்தை எதுவாக மாற்றியது என்பதைக் கண்டுபிடித்தவர்களின் கட்டுரைகளையும், எங்கள் சொந்த மாதிரிகளின் முடிவுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி அடுக்கிவைப்பவர். நஞ்சைப் பற்றி ஆராய்கிறவர்கள் ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் அந்தத் தரவுத்தளத்துக்குள் வந்து போவார்கள். அவர்களில் பலர் அவரை ஆண் என்று நினைத்துக் கடிதம் எழுதுவார்கள். அவர் திருத்த மாட்டார்.

நான் அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். குளிர்பெட்டி நின்றால் நான், ரத்தம் சுழற்றுகிற இயந்திரம் ஆடினால் நான், கிராமங்களுக்கு ரத்தம் எடுக்கப் போனால் பழைய ஜீப்பை ஓட்டுவதும் நான். அதனால் அபாயோடு நிறையத் தூரம் போயிருக்கிறேன். வண்டியில் அவர் அதிகம் பேச மாட்டார். மடியில் மாதிரிப் பெட்டியை வைத்துக்கொண்டு, குண்டும் குழியுமான இடங்களில் அதைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருப்பார்.

வேலையில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. ஒரு பதிவை ஏற்றிவிட்டால் அதை அழிக்கக் கூடாது. தவறென்றால் தவறு என்று காட்டி, காரணத்தை எழுதி, பழையதையும் அப்படியே தெரியும்படி விட வேண்டும். இன்னொன்று, எண்ணும் முறை. நஞ்சு கொடுத்த ஒரு எலியின் ஈரலில் ஒரே மாற்றம் நாற்பது இடத்தில் இருந்தால் அது நாற்பது இல்லை, ஒன்றுதான். ஒரு செல்லில் ஒரு தடவை நடந்தது, அந்தச் செல் பெருகியிருக்கிறது, அவ்வளவுதான். இதை மறந்து எண்ணியவர்களின் கட்டுரைகளை அவர் ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்புவார். "ஒரு எலி, ஒரு கணக்கு" என்பார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இதைச் சொல்லிக் காட்டிக் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார்.

ஒரு கேள்விக்கு மட்டும் அவர் முகம் காது மடல் வரை சிவந்துவிடும். "நீங்க எந்தக் குலம்?" எங்கள் ஆட்களிடையே இது தினசரிக் கேள்வி. சந்தையில் இறைச்சி நிறுக்கிறவர் கேட்பார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த கிழவர் கேட்பார். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கே ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். அந்த ஏழுக்குள் ஒரே பெயர் வந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவே கல்யாணப் பேச்சு கிடையாது. ஆனால் ரௌஷான் அபாயின் தகப்பனார் பழைய காலத்துப் பள்ளித் தலைமையாசிரியர். வேலை செய்கிற இடத்தில் குலம் கேட்பவன் நாளைக்குத் தன் குலத்தானுக்கு நாற்காலி போடுவான் என்று சொல்லி வளர்த்தவர். அது மகளின் எலும்பில் இறங்கிவிட்டது. அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் சொன்னதுமில்லை.

தாஸ்புலாக் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். கூட்டுப் பண்ணை இருந்த காலத்தில் அங்கே ஒரு பூச்சிமருந்துக் கிடங்கு கட்டினார்கள். பண்ணை கலைந்தபோது கதவு, ஜன்னல், கூரை மரம் எல்லாவற்றையும் ஊரார் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மூட்டைகளை மட்டும் யாரும் தொடவில்லை. மழையும் பனியும் அவற்றைக் கரைத்து மண்ணுக்குள் அனுப்பின. அந்த மாதிரி ஊர்களில் ரத்தமும் மண்ணும் எடுத்துப் பார்ப்பதுதான் எங்கள் திட்டம். தரவுத்தளத்துக்கான படிவத்தைத் தயாரித்தவள் அல்தினாய். நிரல் எழுதுகிற பெண், வாய் கொஞ்சம் நீளம். படிவத்தில் குலம், ஏழு தகப்பன்மார் என்று ஒரு கட்டம் போட்டிருந்தாள். அபாய் அதன் மேல் பேனாவை வைத்தார்.

"இது ஆய்வகமா, கல்யாணத் தரகர் வீடா?"

"யாரு யாருக்குச் சொந்தம்னு தெரியணும்ல, அபாய்?"

"அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க. அது இருக்கு, போதும். படிச்சவங்க நாம. ரத்தம் எடுக்கப் போன வீட்ல குலம் விசாரிச்சாங்கன்னு நாளைக்கு நாலு பேர் பேசக் கூடாது."

கட்டம் போய்விட்டது.

தாஸ்புலாக்கில் எங்களுக்கு வழி திறந்துவிட்டவர் பிபிகுல். அந்த ஊர்ச் சுகாதார நிலையத்துச் செவிலி. ஊசியைக் கண்டால் ஓடுகிற ஆம்பளைகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தார். "குதிரை மேல ஏறி செத்த ஆட்டைப் பிடுங்கச் சண்டை போடுவ, இந்தக் குண்டூசிக்கு அழுவியா?" என்று அவர் கேட்டது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு தேநீர். ஒரு வீட்டில் வயதானவர் ஒருவர் ரத்தம் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே தன் ஏழு தகப்பன்மாரையும் வரிசையாகச் சொல்லி, கடைசிப் பெயரில் நிறுத்தி, "இந்தத் தெருவே கோஜாகுலோட பிள்ளைங்கதான்" என்றார். அபாய் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா எடுக்கவில்லை.

அந்த ஊரில் பதினொரு பேரிடம், எங்கள் மற்ற ஊர்களில் எங்கேயும் இல்லாத ஒரே பிறழ்வு இருந்தது. நஞ்சை உடைக்கிற ஒரு மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருந்தது. ஒரே வீட்டில் அப்பா, பிள்ளை, கூடப் பிறந்தவர்கள் என்று இருந்தால் ஒருவரைத்தான் கணக்கில் சேர்த்திருந்தோம். ஆகவே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பதினொரு பேர், ஒரே கிடங்கு, ஒரே மாற்றம். நஞ்சுதான் செய்தது என்று எழுதினோம். தரவுத்தளத்தின் வரைபடத்தில் இப்படிப்பட்டவர்களின் எண்ணிக்கை ஏற ஏற ஊரின் நிறம் தானாகவே அடர்த்தியாகும். தாஸ்புலாக் ரத்தச் சிவப்பாக எரிந்தது. கருத்தரங்கில் கைதட்டினார்கள். அபாய்க்கு யாரோ பூங்கொத்து கொடுத்தார்கள். அதை மேசையில் வாடும்வரை வைத்திருந்தார்.

அந்த வரைபடத்தை எடுத்து ஒரு செய்தித் தளம் போட்டது. தலைப்பு: பிறழ்வுக் கிராமம்.

செப்டம்பரில் பிபிகுல் ஆய்வகத்துக்கு வந்தார். வெறுங்கையோடு வந்தார். எங்கள் பக்கம் கிராமத்திலிருந்து வருகிறவர் வெறுங்கையோடு வந்தால் அதுவே பாதிச் சண்டை. நான் அபாயின் அறையில் அச்சுப்பொறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போகப் பார்த்தேன்.

"நீ இரு தம்பி. நீயும் என் வீட்ல சாப்பிட்டவன்தான்" என்றார் பிபிகுல்.

"உக்காருங்க பிபிகுல். டீ சொல்றேன்."

"டீக்கு வரல ரௌஷான். மே மாசம் என் பொண்ணு நாஸிமை நிச்சயம் பண்ணி காதுல கம்மல் போட்டுட்டுப் போனாங்க. மாப்பிள்ளை அம்மா தன் கையாலயே போட்டுவிட்டா. ஆகஸ்ட்ல கல்யாணம்னாங்க. அப்புறம் அக்டோபர்னாங்க. இப்ப போன் எடுக்கறதில்ல. தேவையில்லைன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க, வேணும்னும் சொல்ல மாட்டேங்கறாங்க. சொந்தக்காரங்க மூலமா விசாரிச்சேன். 'உங்க ஊரு கம்ப்யூட்டர்ல சிவப்பா இருக்காமே'ன்னாங்க."

அபாய் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"இவ ஒருத்தி இல்ல. எங்க ஊர்ப் பசங்க பஜார்ல பால் வித்தா 'ரெண்டு தலைக் கன்னுக்குட்டிப் பாலா'ன்னு கேக்கறான். ரத்தம் குடுங்க, மண்ணைச் சுத்தம் பண்ணுவாங்கன்னு வீடு வீடாப் போய் சொன்னவ நான். இப்ப எனக்கு எதிர்ல வந்தா தலையைத் திருப்பிக்கறாங்க. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. தாஸ்புலாக்ல ஒண்ணுமில்லன்னு. முத்திரை வச்சு."

"அப்படி எழுத முடியாது பிபிகுல். பதினொரு பேருக்கு இருக்கு."

"எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே. அந்த ஊருக்கு மருமகளா வந்து இருபத்தஞ்சு வருஷமா அதே கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறேன். அந்தக் கிடங்கு ஓரத்துலதான் என் மாடு மேயுது. என்னை விட்டுட்டு அந்த விஷம் யாரைத் தேடிப் போச்சு?"

கோபத்தில் கேட்டதுதான். அபாய் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். கணினி பக்கம் திரும்பினார். ஊருக்கு மருமகளாக வந்த பெண்களைத் தனியாகப் பிரித்தார். பத்து, இருபது வருடமாக அங்கே வாழ்கிறவர்கள், நிறைய பேர். ஒருவருக்கும் அந்த மாற்றம் இல்லை. பதினொரு பேரும் அந்த ஊரிலேயே பிறந்தவர்கள். அவர் உதடு வெளுத்ததை நான் பார்த்தேன். பிறகு, நான் அவர் வாயிலிருந்து ஒருபோதும் கேட்டிராத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் எந்தக் குலம், பிபிகுல்?"

பிபிகுல் அவரையே பார்த்தார். "இப்பக் கேக்கறீங்களா? ரத்தம் எடுக்க வந்தப்ப கேட்டிருக்கணும். கோஜாகுல் வழி. கோஜாகுலோட மூணு பிள்ளைங்கதானே அந்த ஊரையே உண்டாக்குனாங்க."

"பதினொண்ணு இல்ல. ஒண்ணு" என்றார் அபாய்.

"என்ன ஒண்ணு?"

அபாய் விளக்கினார். தடுமாறித் தடுமாறித்தான் விளக்கினார். அந்த மாற்றத்தை நஞ்சு கொண்டுவரவில்லை. கிடங்கு கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே கோஜாகுலிடமோ அவர் மனைவியிடமோ இருந்தது. பிள்ளைகளுக்கு வந்தது, பேரன்களுக்கு வந்தது. சம்பந்தமில்லாத பதினொரு பேர் என்று நாங்கள் எண்ணியவர்கள் ஒரு வீட்டார். எலிக்கு நாற்பதை ஒன்றாக எண்ணத் தெரிந்தவர், மனிதர்களிடம் யாருக்கு யார் உறவு என்று கேட்கக் கூச்சப்பட்டுவிட்டார்.

"நான் கேக்கல. அந்தப் பெரியவர் சொன்னார். காதுல விழுந்தது. எழுதல" என்றார்.

பிபிகுல் எழுந்து, "இப்படி ஒரு கௌரவமா உங்களுக்கு" என்றார். அவ்வளவுதான். அதைக் கத்திச் சொல்லியிருந்தால் அபாயால் தாங்கியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

ஆய்வகத் தலைவர் ஒராஸ்பெக்கை அகாய், அதாவது அண்ணன் என்போம்; நல்ல மனிதர், யாரோடும் மோத விரும்பாதவர். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. அந்த ஊர்ப் பக்கத்தையே எடுத்துடுங்க. மறுஆய்வுல இருக்குன்னு போடுங்க. அந்த அம்மாவுக்கும் ஒரு சீட்டு குடுத்துடலாம், நஞ்சால வந்த பிறழ்வு எதுவும் தாஸ்புலாக்ல இல்லன்னு. பொய் இல்லையே?"

"பொய் இல்ல அகாய். ஆனா மாப்பிள்ளை வீட்ல அதைப் படிச்சா, அந்த ஊர்ல எதுவுமே இல்லன்னு நினைச்சுக்குவாங்க. அப்படி நினைக்கணும்னுதானே எழுதறோம்."

"நினைச்சுக்கட்டுமே. பொண்ணுக்குக் கல்யாணம் ஆகும்."

"மண்ணு? அந்த எழுத்து மாறுனவங்களுக்கு அந்தப் பூச்சிமருந்து உடம்பை விட்டு லேசுல போகாது. மத்தவங்களைவிட அவங்களுக்குத்தான் அந்த மண்ணு ஆபத்து. ஒண்ணுமில்லன்னு சீட்டு குடுத்தா, மாவட்ட ஆபீஸ்ல அதையே காட்டி மண்ணை அள்ள லாரிய அனுப்ப மாட்டான்."

ஒராஸ்பெக் அகாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப என்னதான் எழுதுவீங்க?"

"நடந்ததை. பதினொண்ணு இல்ல, ஒரு குடும்பம், பரம்பரையா வந்தது, தப்பு பதிவு பண்ணவளோடது."

"குடும்பம்னா எந்தக் குடும்பம்னு அந்தச் செய்திக்காரன் தேடுவான். பொண்ணு கதி?"

அதுதான் முடிச்சு. நஞ்சு என்று விட்டுவைத்தால் ஊருக்குக் கெட்ட பெயர். பரம்பரை என்று எழுதினால் கோஜாகுல் வீட்டுக்குக் கெட்ட பெயர். நாஸிம் இரண்டிலும் இருந்தாள்.

மறுநாள் அபாயே பிபிகுலுக்குத் தொலைபேசியில் சொன்னார்: சீட்டு தர முடியாது, மாப்பிள்ளை வீட்டுக்கு நானே வந்து பேசுகிறேன். தப்பு என்னுடையது என்று என் வாயால் சொல்கிறேன். பிபிகுல் சனிக்கிழமை வாருங்கள் என்றார்.

சனிக்கிழமை தாஸ்புலாக்குக்குப் போனோம். பிபிகுல் நல்ல சால்வை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பின்னாலேயே நாஸிம். அவளைக் கூப்பிட்டுப் போவதாகப் பேச்சே இல்லை. பெண் தானாக மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது எங்கள் வழக்கமும் இல்லை. பிபிகுல் தலையை ஆட்டி, "கேக்க மாட்டேங்கறா" என்றார்.

வழியில் வாதுமைத் தோப்புப் பக்கம் நாஸிம் என் தோளைத் தட்டினாள். "அண்ணா, நிறுத்துங்க." அவளும் அபாயும் இறங்கி மரங்களுக்கு நடுவே போய் நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் ஏதோ கேட்டாள், அபாய் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார், அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு அபாய் ஒரு வார்த்தை சொன்னதும் நாஸிம் தலையசைத்துவிட்டு வண்டியைப் பார்த்து நடந்து வந்தாள். அபாய்தான் வர நேரமானது.

மாப்பிள்ளையின் அம்மா குல்பாஷ் பள்ளிக்கூட ஆசிரியை. மாப்பிள்ளை தௌலெத் மேற்கே எண்ணெய் வயலில் வேலையில் இருந்தான். வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. வண்டிக்காரனை வாசலில் நிறுத்துகிற வழக்கம் எங்களிடம் இல்லை, என்னையும் உள்ளே உட்காரவைத்தார்கள். பவுர்சாக் என்ற மாவு உருண்டை பொரித்துக் குவித்திருந்தது. வெண்ணெய், ஜாம், உலர்ந்த பழம். ஒரு குறையும் இல்லை. குல்பாஷ் பிபிகுலைச் சம்பந்தி என்கிற உரிமையில் "குதாகி" என்றுதான் கூப்பிட்டார். அதைக் கேட்டு பிபிகுலின் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"வேலை ஜாஸ்தி குதாகி, போன் எடுக்க முடியல. பள்ளிக்கூடம் திறக்கற நேரம் பாருங்க."

"தெரியும் குதாகி. இவங்க ரௌஷான் அபாய். அந்தக் கம்ப்யூட்டர் விஷயம் இவங்களோடதுதான். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு வந்திருக்காங்க."

அபாய் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வகுப்பில் ஒப்பிக்கிற மாணவி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எண்ணுனது தப்பு. தாஸ்புலாக்கை சிவப்பாக்குனது நான். உறவுக்காரங்களைத் தனித்தனி ஆளா எண்ணிட்டேன். அவங்க குலத்தைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கல. அந்த ஊருக்கு வந்த கெட்ட பேருக்கு நான்தான் பொறுப்பு."

குல்பாஷ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "தப்பு யாருக்கும் வரும். நாங்களும் பரீட்சைத் தாள் திருத்தறவங்கதானே." பிபிகுலுக்குக் கிண்ணத்தில் பாதிவரை தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "அப்ப அந்த விஷத்தால யாருக்கும் ஒண்ணும் ஆகல?"

"அந்த மாத்தம் விஷத்தால வந்தது இல்ல."

அங்கே நிறுத்தியிருக்கலாம். பிபிகுல் அதோடு நிறுத்துங்கள் என்பது போல அவரைப் பார்த்தார். நான் பவுர்சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தேன்.

"அப்ப எதால வந்தது?" என்றார் குல்பாஷ். ஆசிரியை அல்லவா, அடுத்த கேள்வியைத் தவறவிடவில்லை.

"பரம்பரையா வந்தது. சாதாரணமா அதால ஒரு கெடுதலும் இல்ல. அந்த ஒரு பூச்சிமருந்து உடம்புக்குள்ள போனா மட்டும் மெதுவாத்தான் வெளியேறும். அந்த மருந்து இல்லாத ஊர்ல வாழ்ந்தா அது இருக்கறதே தெரியாது. இந்த மாதிரி ஏதாவது ஒரு எழுத்து நம்ம ஒவ்வொருத்தர்கிட்டயும் மாறித்தான் இருக்கும். உங்க வீட்லயும் இருக்கும். யாரும் தேடல, அவ்வளவுதான்."

"எங்க வீட்ல தேடச் சொல்லி நாங்க யாரையும் கேக்கல" என்றார் குல்பாஷ். குரல் மாறவில்லை. "நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. விஷத்தால வந்ததுன்னா, பொண்ணு இங்க வந்துட்டா மண்ணு அங்கயே போச்சு. ரத்தத்துல இருக்குன்னா பேரப் பிள்ளைக்கும் வரும்ல?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"நாஸிமுக்கு இருக்கா?"

"யாரோட முடிவையும் நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது. ரத்தம் வாங்கும்போது அப்படித்தான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"இல்லன்னா இல்லன்னு சொல்லியிருப்பீங்க."

"இல்லன்னாலும் சொல்ல மாட்டேன், குல்பாஷ். ரெண்டும் ஒண்ணுதான்."

அது உண்மை. ஆனால் அந்த அறையில் இருந்த எவருக்கும் அது உண்மையாகக் கேட்கவில்லை. பிபிகுல் சால்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அபாய் வாக்கைக் காப்பாற்ற வாயை மூடியதே பதிலாகிப்போனது. அது அவருக்கும் தெரிந்தது. கழுத்திலிருந்து மேலே சிவந்தார்.

"எனக்கு இருக்கு" என்றாள் நாஸிம்.

எல்லாரும் திரும்பினோம். அதுவரை அவள் குனிந்தே இருந்தாள்.

"வழியில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், குல்பாஷ் அபாய். அவங்க சொல்லக் கூடாது. நான் சொல்லலாம். எனக்கு இருக்கு. அம்மாவுக்கு இல்ல, அப்ப எங்க அப்பாகிட்டருந்துதான் வந்திருக்கணும். தௌலெத்துக்கும் நான்தான் சொல்லணும், வழியிலயே செய்தி அனுப்பிட்டேன். பார்த்துட்டாரு. பதில் இன்னும் வரல."

குல்பாஷ் தேநீர்ப் பாத்திரத்தைக் கையில் எடுத்தார். நாஸிமின் கிண்ணத்தை வாங்கி ஊற்றினார். பாதியில் நிறுத்தவில்லை. விளிம்பு வரை, மேலே பால் ததும்பி நிற்கும்வரை ஊற்றி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். விருந்தாளிக்குக் கிண்ணத்தைக் குறைத்து ஊற்றினால் இன்னும் இருங்கள் என்று பொருள். நிறைத்துக் கொடுத்தால் கிளம்புங்கள் என்று பொருள். எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் இது தெரியும்.

நாஸிம் கையை நீட்டுவதற்குள் ரௌஷான் அபாய் குறுக்கே நீட்டி அந்தக் கிண்ணத்தை வாங்கிவிட்டார்.

"இது எனக்கு வர வேண்டியது" என்றார்.

சுடச்சுட இருந்தது. ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. சூட்டினால்தான் என்று நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். குல்பாஷுக்கும் முகம் கோணியது. "பவுர்சாக் எடுத்துட்டுப் போங்க, வழிக்கு ஆகும்" என்று ஒரு துணியில் கட்டிக் கொடுத்தார். பிபிகுல் வாங்கிக்கொண்டார். நாஸிம் கம்மலைக் கழற்றவில்லை. அதைத் திருப்பிக் கொடுப்பது பெரியவர்கள் வேலை, பிறகு ஒரு வாரத்தில் யார் மூலமாகவோ போனது. தௌலெத்தின் பதில் அதற்கும் பிறகு வந்ததாம். வந்தது என்று மட்டும்தான் தெரியும்.

திரும்பி வரும்போது ஊர்த் திருப்பத்தில் அபாய் மெதுவாக ஆரம்பித்தார்.

"நாஸிம், மன்னிப்புன்னு கேட்டா..."

"அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, அபாய்?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டாள். "என் ரத்தம் உங்ககிட்ட இருக்கு. அதை ஒழுங்கா எழுதுங்க. மண்ணையாவது எடுக்கட்டும்."

திங்கட்கிழமை அபாய் எழுதினார். பதினொரு பதிவையும் அழிக்காமல் கோடிட்டு, ஒன்றாகச் சேர்த்து, குலப் பெயர் இல்லாமல், பரம்பரையாக வந்த மாற்றம், நஞ்சின் விளைவு அல்ல, ஆனால் இவர்களுக்கு இந்த நஞ்சால் ஆபத்து கூடுதல் என்று எழுதினார். தவறு என்ன, எதனால் என்ற இடத்தில், உறவுமுறை கேட்கப்படவில்லை, கேட்காதவர் பதிவாளர் என்று எழுதித் தன் முழுப் பெயரையும் போட்டார். ஒராஸ்பெக் அகாய் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். "திருத்தப்பட்டதுன்னு போட்டா போதும். நிறுவனத்துக்கும் நல்லதில்ல."

"யாரு திருத்துனதுன்னு தெரிஞ்சா, யாரு கெடுத்ததுன்னும் தெரியணும்ல, அகாய்" என்றார்.

தாஸ்புலாக் வரைபடத்தில் வெளிறிப்போனது. அந்தப் பக்கத்தைக் காட்டி ஊரார் வாதாடியதில் அடுத்த வசந்தத்தில் இரண்டு லாரி மண் போனது. மிச்சத்துக்கு இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நாஸிம் நகரத்துக்கு வந்து மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தாள். எங்கள் ஆய்வகத்துக்கு மூன்று நிறுத்தம் தள்ளித்தான் தங்கியிருக்கிறாள். ஒரு தடவைகூட வந்ததில்லை. அபாயும் கூப்பிட்டதில்லை.

படிவத்தில் அல்தினாயின் கட்டம் திரும்ப வந்தது. அபாய் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கேட்கிறார். "மன்னிச்சுக்கணும், உங்க ஏழு தகப்பன்மார் பேரு..." என்று இழுப்பார். ஜனங்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள், ஒன்பது, பத்து என்று போகிறவர்களும் உண்டு. "இதுக்கு எதுக்கும்மா மன்னிப்பு?" என்பார்கள். அவர் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார்.

வேலை தொடங்கும் முன் தினமும் அவர் இணையத்தில் தாஸ்புலாக் என்று அடித்துப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் வருவது அந்தப் பழைய செய்திதான். அவருடைய திருத்தம் எங்கேயோ கீழே கிடக்கும். கடைசிவரை இறங்கிப் போய் அது இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அன்றைய முதல் கட்டுரையைத் திறப்பார்.